வால்வண்டி முஸப்பா

மணலில் புதையாமல் ஓட டயரில் காற்றைக் குறைக்கவேண்டும். முஸப்பா அப்படிக் காற்று இறக்கும்போது யாரோடும் பேசமாட்டார். பேரீச்ச மட்டையிலிருந்து ஒடித்த ஒரு குச்சியை வால்வில் செருகிவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். மற்றவர்கள் கையில் மீட்டர் இருக்கும். இவர் சத்தத்தைக் கேட்பார். சீறல் தணிந்து பெருமூச்சு மாதிரி ஆனதும் குச்சியை உருவுவார். எழுந்து இரண்டடி பின்னால் போய் டயரின் வயிற்றைப் பார்ப்பார். "விருந்து சாப்பிட்டு உட்கார்ந்த ஆளு மாதிரி இருக்கணும். தொப்பை தரையில படணும், கையை ஊனி எந்திரிக்கவும் முடியணும்" என்பார். ஒருமுறை வீம்புக்கு என் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்று டயரில் சரியாகப் பன்னிரண்டு பவுண்டு. நான்காவதில் பன்னிரண்டரை. சொன்னேன். மறுபடி குந்தி உட்கார்ந்து அந்த அரையையும் இறக்கினார்.

வயது அறுபத்தொன்று. லிவா பாலைவனத்துப் பேரீச்சந் தோட்டங்களுக்குத் தண்ணீர் விடும் இலாகாவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். மணலுக்குப் போகிற நாளிலும் வெள்ளைக் கந்தூரா அங்கி சலவை மடிப்பு கலையாமல் இருக்கும். அதன் வலது கைமுனையில் ஏழு மாதமாகக் காப்பிக் கறை விழுகிறது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ஏசி போடமாட்டார். நான்கு கண்ணாடியும் இறங்கியிருக்கும். முன்னால் போகும் வண்டியின் இஞ்சின் சத்தம் அவர் காதில் விழவேண்டும். நம் மூக்கிலும் வாயிலும் மணல் விழுவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

நான் நகராட்சியில் நில அளவைப் பிரிவு. இந்த அரபு நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. பெயர் கதிரேசன், இவர்கள் வாயில் காதிர். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். இங்கே ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். பதினொரு வருடமாக முஸப்பாவுக்கு வலது பக்கத்து இருக்கை என்னுடையது. காப்பி பிளாஸ்க்கு, பேரீச்சம்பழ டப்பா, அவர் மனைவி முட்டை தடவிச் சுருட்டிக் கொடுக்கும் மெல்லிசு ரொட்டி, எல்லாம் என் பொறுப்பு. "சனிக்கிழமை சனிக்கிழமை மணல்ல ஏறி இறங்கி என்னண்ணே கிடைக்குது?" என்று ஊரிலிருந்து தம்பி கேட்டான். முதுகுவலி கிடைக்கிறது. வேறு என்ன கிடைக்கிறது என்று அவனுக்கு போனில் விளக்க என்னால் முடியவில்லை.

மணல்மேடுகளில் வரிசையாக ஓட்டிப் போக, தார்ரோடு முடிகிற இடத்தில் காலை ஏழு மணிக்கு ஆறேழு வண்டிகள் கூடும். உபைத் என்பவர் தலைவண்டி. நாற்பது வயது, கட்டட வேலை எடுத்துச் செய்பவர், எப்போதும் யாரோ விரட்டுகிற மாதிரி பேசுவார். உறவில்லாவிட்டாலும் முஸப்பாவை மரியாதைக்குச் சித்தப்பா என்பார். வழி பார்ப்பது அவர் வேலை. கடைசி வண்டி முஸப்பாவுடையது. பத்தொன்பது வருடமாக அவர்தான் வால். யாருடைய வண்டி புதைந்தாலும் வால் அதைத் தாண்டிப் போகக்கூடாது. நின்று, தோண்டி, கயிறு கட்டி இழுத்து, அதை முன்னால் விட்டுத்தான் பின்னால் போகவேண்டும். ஒவ்வொரு முகட்டையும் தாண்டியதும் வயர்லெஸ்ஸில் இரண்டே வார்த்தை சொல்வார்: "வால் வந்தாச்சு." அதைக் கேட்ட பிறகுதான் உபைத் அடுத்த மேட்டுக்கு வண்டியை எடுப்பார். அந்த இரண்டு வார்த்தையை யாரும் திருப்பிக் கேட்டதில்லை, யாரும் எண்ணிப் பார்த்ததுமில்லை.

தலைவண்டி ஓட்டச் சொல்லி இரண்டு தடவை அவரைக் கெஞ்சிப் பார்த்தார்கள். "அவன் வழியைப் பார்க்கட்டும், நான் ஆளைப் பார்த்துக்கறேன்" என்று மறுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து, அவர் வாழ்க்கையில் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த ஒரே இடம். இலாகாவில் பதவி உயர்வுக்குக்கூட ஒரு மனு எழுதிப் போடாத மனிதர்.

அந்த இடத்தின் மேல் கண் வைத்திருப்பவர் மத்தர். தீயணைப்பு நிலையத்தில் அதிகாரி, முஸப்பாவைவிட ஆறு வயது சின்னவர், உருண்டையான ஆள். ஒன்பது வருடமாக வாலுக்கு முந்தின இடத்தில் ஓட்டுகிறார். சனிக்கிழமை காலை அவர் வாயில் வரும் முதல் பேச்சே இதுதான்:

"என்னய்யா கிழவா, இன்னும் உசுரோடதான் இருக்கியா? உன் இடத்துக்குக் காத்திருந்தே எனக்குத் தாடி நரைச்சுப் போச்சு."

"வால் வேணுமாடா உனக்கு? பின்னாடி தடவிப் பாரு, ஏற்கெனவே ஒண்ணு முளைச்சிருக்கும்" என்பார் முஸப்பா.

"பேசுவய்யா, பேசுவ. நீ செத்தா சாயங்காலம் அழுவேன், காலையில அந்த இடத்துல நிப்பேன்."

"நான் எதுக்குடா சாகணும்? நீ ஓட்டுற லட்சணத்துக்கு உன்னைப் பொறுக்கி எடுக்கவே எனக்கு இன்னும் இருபது வருஷம் வேணும்."

இதைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே மற்றவர்கள் காற்று இறக்குவதை நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள். ஒரே பேச்சு, ஒரே பதில். வாரா வாரம் புதிதாகச் சிரிப்பார்கள்.

இனி அந்தக் கறை. போன ஜூன் மாதம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் இடது கையில் கெண்டி, வலது கையில் சின்னக் கோப்பை. காப்பி ஊற்றிக் கொடுப்பது வீட்டுக்காரர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வார். அன்று காப்பி கோப்பைக்கு வெளியே அவர் கைமுனையில் விழுந்தது. சூடு உறைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நான் பார்த்ததையும் அவர் பார்த்துவிட்டார்.

"சர்க்கரை" என்றார். "வலது கண்ணுல யாரோ பாலை ஊத்தின மாதிரி இருக்கு. வெளிச்சம் தெரியுது, ஆளு தெரியலை. ஊசி போட்டா மிச்சம் இருக்கிறது நிக்கும், போனது வராதுன்னு டாக்டரம்மா சொல்லிருச்சு."

"வண்டி ஓட்டலாமாமா?"

"ரோட்டுல நிதானமா ஓட்டலாமாம். மணலைப் பத்தி அந்தம்மா கேட்கலை. நானும் சொல்லலை."

இங்கே ஒருவரை மூத்த மகன் பெயரை வைத்துக் கூப்பிடுவதுதான் மரியாதை. இவர் மகன் ஹமத். எனவே பூ ஹமத், ஹமத்தின் அப்பா. "பூ ஹமத், உபைத்கிட்ட சொல்லிடலாமே" என்றேன்.

"சொன்னா என்ன செய்வான்? 'சித்தப்பா, நீங்க வீட்டுல இருங்க, சாயங்காலம் நாங்க வந்து பார்க்கிறோம்'பான். வரவும் செய்வான். பழம், பலகாரம்லாம் வாங்கிட்டு வருவான். அவன் நல்ல பையன், காதிர். அதனாலதான் சொல்ல வேண்டாங்கிறேன்."

அவர் துணியை எடுத்துக் கைமுனையைத் துடைத்தபடியே, "உனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு? இனிமே வலது பக்கம் உன்னுது" என்றார்.

அப்படித்தான் ஏழு மாதம் ஓட்டினோம். ஒவ்வொரு முகட்டிலும் அவர் தாடையை லேசாக உயர்த்துவார். நான் என் பக்கத்துச் சரிவைப் பார்த்து, "சுத்தம்" என்பேன். போவார். அவ்வளவுதான் பேச்சு. இதில் எனக்குப் பயத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது, அதை மறைப்பானேன். பதினொரு வருடம் காப்பி பிளாஸ்க்கு தூக்கியவனுக்கு ஒரு பதவி கிடைத்தால் அவன் யோசிப்பானா?

ஜனவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமை. ஆறு வண்டிகள். வானத்தில் வெண்மையாக ஒரு மூட்டம். வெயில் இருந்தால் மணலில் நிழல் விழும், மேடு எது பள்ளம் எது என்று தெரியும். மூட்டம் போட்டால் எல்லாம் ஒரே வெள்ளை வேட்டியை விரித்த மாதிரி ஆகிவிடும். "இன்னைக்கு எல்லாரும் நெருங்கிப் போங்க, அவசரம் வேண்டாம்" என்று உபைத்தே சொன்னார். உபைத் வாயில் அவசரம் வேண்டாம் என்று வந்ததற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

பத்தரை மணிக்கு ஒரு நீண்ட முகட்டுக்கு வந்தோம். இந்த முகட்டில் ஏறி, உச்சியில் உடனே இடது பக்கம் வளைத்து இறங்கவேண்டும். வலது பக்கம் கிணறு மாதிரி ஒரு பெரும்பள்ளம். மூன்று மாடி ஆழம் இருக்கும். முதல் நான்கு வண்டிகளும் ஏறிப் போய்விட்டன. ஐந்தாவது மத்தர். நாங்கள் கீழே நின்றோம்.

ஒவ்வொரு வண்டியிலும் நீளக் கம்பியில் ஒரு சிவப்புக் கொடி இருக்கும். முன்வண்டியின் கொடி முகட்டுக்கு அப்பால் இறங்கி மறைந்தால் அது தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அடுத்த வண்டி கிளம்பவேண்டும். மத்தரின் கொடி உச்சிக்குப் போனது, ஒரு கணம் ஆடியது, மறைந்தது. முஸப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்பால் ஒரு இஞ்சின் உறுமுவது காற்றில் வந்தது.

"போயிட்டான்" என்று சொல்லி வண்டியை மிதித்தார்.

பாதி ஏற்றத்தில் வண்டி ஒரு குதி குதித்தது. என் காலுக்கிடையில் இருந்த பிளாஸ்க்கு சரிந்து அவர் மிதிக்கும் கட்டைகளின் பக்கம் உருண்டது. அது பிரேக்குக்கு அடியில் மாட்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். குனிந்தேன். கையை நீட்டி எட்டிப் பிடித்தேன். நிமிர்ந்தபோது உச்சியைத் தாண்டி இடது பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். அவர் தாடையை உயர்த்தினாரா என்று எனக்குத் தெரியாது. நான் "சுத்தம்" என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கீழே வண்டித் தடம் பளிச்சென்று போயிற்று, தூரத்தில் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது, முஸப்பா வயர்லெஸ்ஸை எடுத்து, "வால் வந்தாச்சு" என்றார்.

"சரி சித்தப்பா" என்றார் உபைத்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் ஓடினோம். முன்னால் போகும் கொடியை மூட்டத்தில் அவ்வப்போது பார்த்தேன். அது மத்தர் கொடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உப்புப் படிந்த சமதரை ஒன்றில் உபைத் நிறுத்தினார். காப்பிக்கு எல்லோரும் இறங்கினார்கள். உபைத் சுற்றிப் பார்த்து, "மத்தர் எங்கே? ஒண்ணுக்குப் போயிட்டாரா?" என்றார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஐந்து வண்டிகள்தான் நின்றுகொண்டிருந்தன.

"எனக்கு முன்னாடி போனானே" என்றார் முஸப்பா.

நான்காவது வண்டிக்காரர் தலையை ஆட்டினார். "எனக்குப் பின்னாடி வந்தது நீங்கதான். ரொம்ப நேரமா நீங்கதான். மத்தர் எங்கேயோ நின்னு உங்களுக்குப் பின்னாடி வர்றாருன்னு நினைச்சேன்."

வாலுக்குப் பின்னால் யார் வரமுடியும்? அவர் சொன்னது அவருக்கே புரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். உபைத் வயர்லெஸ்ஸை எடுத்து மத்தர் பெயரை நான்கு தடவை கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று. வலது பக்கத்துப் பள்ளம். கையில் பிளாஸ்க்கு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

வரிசை திரும்பும்போது வால்தான் முதலில் போகும். முஸப்பா ஏறி உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்துமுன் வண்டி நகர்ந்துவிட்டது. ஆனால் வரிசை அப்படித் திரும்ப நேர்ந்ததே இல்லை. அவர் முன்னால் ஓட்டி நானும் பார்த்ததில்லை, மற்றவர்களும் பார்த்ததில்லை. மேடுகளை அவர் ஏறுகிற வேகத்தில் பின்னால் வந்த உபைத்தே, "சித்தப்பா, மெதுவா" என்று வயர்லெஸ்ஸில் கத்தினார். முஸப்பா அதை அணைத்துவிட்டார்.

"நான் குனிஞ்சிட்டேன்" என்றேன். "பூ ஹமத், பிளாஸ்க்கு உருண்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை."

"தடத்தைப் பாரு" என்றார்.

"என் தப்பு. எல்லார்கிட்டேயும் நானே சொல்லிடறேன்."

"காதிர், தடத்தைப் பாரு."

வண்டி உருண்டால் கழுத்து என்ன ஆகும், கூரை எப்படி நசுங்கும், பெட்ரோல் எங்கே கசியும் என்பதெல்லாம் தீயணைப்பு நிலையத்து மத்தர் காப்பி நேரத்தில் ரசித்து ரசித்து எங்களுக்குச் சொன்ன கதைகள்தான். எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. முஸப்பாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வேண்டுதல் என்று நினைத்தேன். கிட்டத்தில் கேட்டால், மத்தரைத் திட்டிக்கொண்டிருந்தார். "தடிப்பய, எதையாவது ஒழுங்கா ஓட்டியிருக்கானா, உருப்படாதவன், இருடா, இருடா, செத்துத் தொலைச்சிடாதே."

அந்த முகட்டுக்கு எதிர்ப்பக்கமாக வந்து ஏறினோம். உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு முஸப்பா இறங்கினார். பள்ளத்தின் அடியில் மத்தரின் வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. வயர்லெஸ் ஏரியல் வளைந்து மணலுக்குள் புதைந்திருந்தது. மேல் பக்கம் பார்த்திருந்த கதவின் மேல், சந்தைக்கு வந்தவன் மாதிரி, மத்தர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சிராய்ப்பு. கழுத்தில் பெல்ட் அறுத்த சிவப்புத் தழும்பு.

முஸப்பா மணலில் உட்கார்ந்தே சறுக்கிக் கீழே போனார். கந்தூராவெல்லாம் மணல். போய் மத்தரின் இரண்டு தோளையும் பிடித்து அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், கை விரலை மடக்கச் சொன்னார். நாங்களும் போய்ச் சேர்ந்தோம்.

"விடுய்யா, மாட்டுச் சந்தையா நடத்துற?" என்றார் மத்தர். குரல் சரியாகத்தான் இருந்தது. "வளைச்சேன், வளையலை. பின்பக்கம் வழுக்கிட்டு நேரா இங்கே கொண்டாந்து படுக்க வச்சிருச்சு. பெல்ட்டுல தொங்கிட்டு இருந்தேன். ஹாரனுக்குக் கை எட்டலை."

"ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்றார் உபைத்.

"பயமா? எதுக்கு? இவன் பின்னாடிதானே வர்றான்." முஸப்பாவைத் தாடையால் காட்டினார். "தலைக்கு மேல இவன் வண்டி சத்தம் கேட்டுச்சு. வந்துட்டான் கிழவன், இனிமே வாழ்நாள் பூரா சொல்லிச் சொல்லிக் காட்டுவானேன்னு சிரிப்புக்கூட வந்துச்சு. அப்புறம் சத்தம் போயிட்டே இருந்துச்சு. சரி, திருப்ப இடம் தேடுறான்னு நினைச்சேன். இப்ப வருவான், இப்ப வருவான்னு..." அதற்கு மேல் சொல்லாமல் கழுத்துத் தழும்பைத் தடவினார்.

யாரும் முஸப்பாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பேச ஆரம்பித்தார்கள். மூட்டம் அப்படி. இந்தப் பள்ளம் அப்படி. கொடி மறைஞ்சா யாரும் தாண்டிட்டதாத்தான் நினைப்பாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன். உபைத்தும், "என் தப்பு சித்தப்பா, இந்த வழியா நான் கூட்டிட்டு வந்திருக்கக்கூடாது" என்றார். பெரியவர் ஒருவர் தலைகுனியும்படி விடக்கூடாது என்பதில் இவர்கள் அத்தனை பேரும் கெட்டிக்காரர்கள். இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால், குற்றம் முழுவதையும் அந்த மூட்டத்தின் தலையில் கட்டி அனுப்பியிருப்பார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் வேண்டியிருந்தது.

"எனக்கு வலது கண்ணு தெரியாது" என்றார் முஸப்பா.

உபைத் அவர் பக்கம் திரும்பினார்.

"ஏழு மாசமாச்சு. பால் மாதிரி இருக்கும். இந்தப் பள்ளம் என் வலது பக்கம் இருந்துச்சு. மூட்டமும் இல்லை, கொடியும் இல்லை. நான் பார்க்கலை."

"ஏழு மாசமா?" உபைத்தின் குரல் உயர்ந்தது. "ஏழு மாசமா எங்க பின்னாடி ஒத்தைக் கண்ணோடயா வந்தீங்க? என் பொண்ணு ரெண்டு தடவை என்கூட வந்தா சித்தப்பா! வால் வந்தாச்சுன்னு நீங்க சொன்னா நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத் தெரியும்" என்றேன். "வலது பக்கம் நான் பார்க்கிறதா ஏற்பாடு. நான்தான் பார்க்கலை."

"கண்ணு அவனுக்கு இருக்கு. வண்டி என்னுது" என்றார் முஸப்பா. "அவனை ஒண்ணும் சொல்லாதே."

உபைத் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் கயிறு எடுக்க மேலே ஏறிப் போனார். நல்ல பையன்தான்.

மத்தரின் வண்டியைக் கயிறு கட்டி நிமிர்த்த முக்கால் மணி நேரமாயிற்று. முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பி வளைந்துபோயிருந்தது. அன்று ஓட்ட முடியாது. மறுநாள் சாமானோடு வந்துதான் எடுக்கவேண்டும். அத்தனை நேரமும் முஸப்பா மண்வெட்டியோடு முழங்கால் மணலில் நின்று வேலை செய்தார். மத்தர் பக்கம் திரும்பவே இல்லை. மத்தர்தான் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. என்ன பேசுவது என்றும் அன்று தெரியவில்லை.

"ஒத்தைக் கண்ணுலயே என்னைவிட நல்லாத்தான்யா ஓட்டுற" என்றார் கடைசியில்.

முஸப்பா கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மேலே ஏறி வந்தோம். உபைத் தலைவண்டியில் ஏறினார். மற்றவர்கள் அவரவர் இடத்துக்குப் போனார்கள். மத்தர் என் பக்கத்துப் பின்கதவைத் திறந்து ஏறப் போனார்.

"அங்கே இல்லை" என்றார் முஸப்பா. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, அதைப் பிடித்தபடி வெளியே நின்றிருந்தார்.

மத்தருக்குச் சட்டென்று புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. "யோவ், விளையாடாதே. நான் சும்மா வாய்க்கு வந்ததைப் பேசினவன். ஒன்பது வருஷமா பேசினேன், தமாஷுக்குப் பேசினேன். எனக்கு வேண்டாம்யா. நீ ஓட்டு, நான் வலது பக்கம் பார்த்துக்கறேன். காதிர் பின்னாடி உட்காரட்டும். ரெண்டு பேரா பார்க்கிறோம்."

முஸப்பா சாவியைக் கையில் கொடுக்கவில்லை. அது வண்டியிலேயே தொங்கியது. "எல்லாரும் காத்துட்டு இருக்காங்க, ஏறு" என்றார்.

மத்தர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? பின்சீட்டுக்கு நகர்ந்துகொண்டேன். மத்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வண்டியைச் சுற்றி வந்து ஏறி உட்கார்ந்தார். அவர் முஸப்பாவைவிட ஒரு முழம் குட்டை. காலை நீட்டியும் பிரேக்குக்கு எட்டவில்லை. இருக்கையின் நுனிக்கு நகர்ந்து பார்த்தார். அப்போதும் கட்டைவிரல்தான் பட்டது.

அந்த இருக்கை பத்தொன்பது வருடமாக ஒரே இடத்தில் இருந்தது. அது நகரும் தண்டவாளத்தில் மணல் இறுகிக் கல்லாகியிருந்தது. மத்தர் நெம்புகோலை இழுத்தார், அசையவில்லை.

முஸப்பா கதவருகில் மண்டியிட்டார். தலையை ஒருக்களித்து, இடது கண்ணை இருக்கைக்கு அடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மத்தரின் கால்களுக்கிடையில் கையை விட்டு, ஆள்காட்டி விரல் நகத்தால் தண்டவாளத்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து வெளியே தள்ளினார். முன்னால் உபைத் இஞ்சினை அணைத்துவிட்டார். மற்றவர்களும் அணைத்தார்கள். ஒருபக்கம் முடிந்ததும் மறுபக்கம் சுரண்டினார். நகத்தடியில் ரத்தம் வந்தது. அதைக் கந்தூராவில் துடைத்துக்கொண்டு, நெம்புகோலை ஒரு கையால் தூக்கி, மறு கையை மத்தரின் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, இருக்கையை அவரோடு சேர்த்து முன்னால் தள்ளினார்.